தார் பிடிப்பதற்குக் காரணம் விறகின் ஈரம்

வணக்கம் ஐயா. சீமைக்கருவேல விறகில் ஓடும் உங்கள் 10 கிலோவாட் கேசிஃபயரில் (விறகை எரிவாயுவாக்கி, அதில் இன்ஜினை ஓட்டி மின்சாரம் எடுக்கும் கருவி), மழை தொடங்கியதிலிருந்து இன்ஜின் வால்வில் விறகுப் புகையின் பிசுபிசுப்பான தார் பிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஃபில்டரை மாற்றுமுன் விறகைப் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கேசிஃபயருக்குள் சூடு குறைந்துவிடும். தார் சிதையாமல் வாயுவோடு இன்ஜினுக்குப் போகும். ஒரு கிலோ துண்டுகளை, எடை குறைவது நிற்கும்வரை மிதமான சூட்டில் உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 800 கிராமுக்குக் கீழே வந்தால் அந்த விறகு வேண்டாம். நன்றாகக் காய்ந்த துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

அப்புறம், நாலு பல்புக்காக மட்டும் ஓட்டாதீர்கள். சுமை குறைந்தாலும் தார் கூடும். மழைக்காகக் கொட்டகையைச் சுற்றி அடைத்துவிடவும் வேண்டாம். அந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உயிருக்கு ஆபத்து.