புற்றுநோய்க்குக் கரண்ட் (ரேடியேஷன்) வைத்த பிறகு: சில கேள்விகள்

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். ரேடியேஷன் முடிந்து நான்கு மாதமாகியும் வாய் காய்ந்தே கிடக்கிறது, சோறு இறங்கவில்லை. சரியாகுமா?

கரண்ட் வைக்கும்போது காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபடுகின்றன. ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு தேறும்; சிலருக்கு முழுதாகத் திரும்பாது. குழைய வேகவைத்த சோற்றில் மோரோ காரமில்லாத பருப்புத் தண்ணீரோ தாராளமாக ஊற்றிக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, நாளில் நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பட்டும். விழுங்கும்போது இருமினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம், பல். உமிழ்நீர் குறைந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும். ஆனால் வலிக்கிறதே என்று தெருமுனைக் கிளினிக்கில் பிடுங்கிவிடாதீர்கள். கரண்ட் பட்ட தாடையெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. புண் ஆறாமல் எலும்பே அழுகலாம். பல வருடம் கழித்தும் இந்த ஆபத்து உண்டு. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் ரேடியேஷன் எடுத்ததை முதலில் சொல்லுங்கள்.

வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. பயிற்சி செய்தால் வலிக்கிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்கள் விரல்கள் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் நுழைய வேண்டும், அதுதான் கணக்கு. வெந்நீரில் பிழிந்த துணியால் தாடைக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். சில நாளுக்கொரு முறை ஒரு குச்சி கூட்டலாம். இழுப்பது போன்ற வலி இருக்கும், சுளீரென்று குத்தினால் நிறுத்துங்கள். நன்றாகத் திறந்த வாய் திடீரென்று குறுகினால் டாக்டரைப் பாருங்கள்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம். எப்போதும் சோர்வு, குளிர் தாங்கவில்லை.

தைராய்டு பாருங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்திருந்தால் மாத்திரை போதும்.

கணவருக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வெளியே வரவே மாட்டேன் என்கிறார்.

பேச்சு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். கழுத்தில் பொருத்தும் சிறு வால்வு, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி, உணவுக்குழாய் வழியே பேசும் பயிற்சி என மூன்று வழிகள் உண்டு. பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். குளிக்கும்போது, மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. வெளியே போனால் துளையின் மேல் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம். ‘கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன்’ என்று எழுதிய அட்டை சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். அவசரத்தில் ஆக்ஸிஜனை மூக்கில் வைத்தால் அது அவருக்குப் போய்ச் சேராது. அவர் பேசத் தடுமாறும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், காத்திருங்கள்.