கேரளக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் காப்பீடு உண்டா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் அப்பா போட்டிருக்கும் 8 லட்சத்துக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது சேவைக் கூட்டுறவுச் சங்கம் என்றால், ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் தரும் அந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது.

குழப்பம் பெயர்ப்பலகையில் தொடங்குகிறது. 'சர்வீஸ் சஹகரண பாங்க்' (சேவைக் கூட்டுறவு வங்கி) என்று மலையாளத்தில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே டோக்கன், பாஸ்புக், நகைக்கடன் எல்லாம் வங்கி மாதிரியே இருக்கும். ஆனால் சட்டப்படி அது தொடக்க வேளாண் கடன் சங்கம். ரிசர்வ் வங்கி உரிமம் அதற்கு இல்லை. மேற்பார்வை மாநிலக் கூட்டுறவுப் பதிவாளர் கையில். இப்படிப்பட்ட சங்கங்கள் 'வங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

அதே ஆண்டு திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூரில் இதே போன்ற ஒரு சங்கத்தில் கடன் மோசடி வெளியே வந்தது. வைப்பு வைத்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்கே மாதக்கணக்கில் நடையாய் நடந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

   

சரி, இப்போது என்ன செய்யலாம்? மாநில அரசின் தனி வைப்பு உத்தரவாதத் திட்டத்தில் உங்கள் சங்கம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா உறுப்பினர் என்றால் கடைசித் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மறுத்தால், வைப்பு முதிரும் நாளில் பணத்தை எடுத்துக் கேரளா பேங்க் போன்ற காப்பீடுள்ள வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.