விழித்திரையும் ஃபிராக்டலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபிராக்டல், அதாவது எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே மாதிரி வளைவுகளும் கிளைகளும் தெரியும் வடிவம், பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் செய்கிறேன். விழித்திரைப் படங்களில் ரத்தக்குழாய்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஃபிராக்டல் பரிமாணத்தை, அதாவது எவ்வளவு அடர்த்தியாகக் கிளைத்திருக்கின்றன என்று சொல்லும் எண்ணை, கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்கு 1.68, இன்னொன்றுக்கு 1.61 வந்தது. எங்கள் வீட்டில் பாட்டி, மாமா, சித்தி எல்லோருக்கும் சர்க்கரை. இந்த எண்ணை வைத்துக் கண் கெடுவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ச., ரோஸ் ஹில்

அன்புள்ள ச.,

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நம் தீவின் கடற்கரை நீளத்தைத் தேடிப் பாருங்கள். ஓர் இடத்தில் 177 கிலோமீட்டர், இன்னோர் இடத்தில் 322. எதையெல்லாம் சேர்த்து அளந்தார்கள் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அளவுகோல் சிறிதாக ஆக, சின்னச் சின்ன வளைவுகளும் பிடிபட்டு நீளம் கூடும். கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1967-இல் பிரிட்டன் கடற்கரையை வைத்துப் பேசியது இதைத்தான். நீளத்தை விட்டுவிட்டு, அது எந்த வேகத்தில் கூடுகிறது என்று பார்த்தால் பரிமாணம் கிடைக்கும். நீங்கள் கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போய், குழாய் விழுந்த கட்டங்களை எண்ணுவதும் அதே வேலைதான்.

விழித்திரைக் குழாய்களுக்கு 1.7-ஐ ஒட்டி வரும் என்று 1980களின் இறுதியிலேயே கண்டார்கள். உங்கள் இரண்டு எண்களும் அதற்குப் பக்கம்தான். முதல் படத்தையே மறுபடி எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கும் த்ரெஷோல்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். மெல்லிய கிளைகள் நாலு காணாமல் போனால் எண் இறங்கும். படம் கலங்கலாக இருந்தாலும், கண்ணில் புரை இருந்தாலும் இறங்கும். அப்புறம் 1.61 நோயா, கேமராவா என்று யார் சொல்வது? நீரிழிவு ஆய்வுகளிலேயே சிலவற்றில் பரிமாணம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் கூடியிருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சர்க்கரையால் விழித்திரையில் முதலில் தெரிவது நுண்குழாய்ச் சுவரில் புடைக்கும் சிறு புள்ளிகள், பிறகு கசிவுகள். கண் டாக்டர் தேடுவதும் அவற்றைத்தான். நீங்கள் குழாய்களைப் பிரித்தெடுக்கும்போது அந்தப் புள்ளிகளைத் தூசி என்று சுத்தம் செய்திருப்பீர்கள், இல்லையா?

கட்ட அளவையும் எண்ணிக்கையையும் மடக்கை (log) வரைபடத்தில் போட்டு, புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழுகின்றன என்று அதன் சாய்விலிருந்துதானே பரிமாணத்தை எடுக்கிறீர்கள்? அந்த நேர்கோட்டையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1998-இல் அவ்னிர் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஃபிராக்டல் என்று அறிவித்த இயற்பியல் கட்டுரைகளில் மிகச் சிறிய அளவுக்கும் மிகப் பெரிய அளவுக்கும் நடுவே சராசரியாக இருபது மடங்குதான் வித்தியாசம். அவ்வளவு குறுகிய வீச்சில் பல வளைகோடுகளும் நேராகத்தான் தெரியும். எந்தக் கட்ட அளவிலிருந்து எதுவரை எண்ணினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

முறையே வீண் என்று சொல்லவில்லை. ஒரே கேமரா, ஒரே மாதிரி பிரித்தெடுத்தல், நிறையப் பேர் என்று வைத்துக்கொண்டு குழுக்களை ஒப்பிட்டால் பயன் உண்டு. முதலில் ஒரே கண்ணை ஒரே நாளில் இருமுறை எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் எண் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகலே உங்கள் இரண்டு எண்களின் வித்தியாசமான 0.07 அளவுக்கு வந்தால், ப்ராஜெக்டின் தலைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சித்தியை எப்போதும்போல ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.