நடமாட முடியாத தந்தையின் மருத்துவச் செலவுக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் வன்னியில் பணம் திரட்டுவது எப்படி?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டுத்திட்ட வீடொன்றில் வசிக்கிறோம். பாரிசவாதத்தால் அப்பாவின் ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது. சில்லு நாற்காலியில் இருக்கிறார். மருத்துவச் செலவுக்கும் வீட்டை அவருக்கு ஏற்றபடி திருத்துவதற்கும் பணம் திரட்ட என்ன வழி?

பதில்:

எனது அம்மாவின் முள்ளந்தண்டில் 2009 இல் ஷெல் துண்டு பட்டதிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. தர்மபுரத்தில் அவரைப் பராமரித்துக்கொண்டே செலவுக்கும் வழி பார்த்து வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மருத்துவச் செலவையும் வீட்டுத் திருத்தத்தையும் நீங்கள் ஒன்றாகவே கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள். மருந்தும் பராமரிப்பும் மாதந்தோறும் வரும் செலவு. வீட்டு வேலையோ ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடியது. உதவுகிறவர்களிலும் அப்படியே இரண்டு வகையினர் உண்டு: ஒரு தொகையைக் கொடுத்து, அதனால் ஒரு வேலை நிறைவேறியதைக் காண விரும்புகிறவர்கள் சிலர், பெருந்தொகைக்கு வசதியில்லாவிட்டாலும் மாதாமாதம் சிறிதளவு அனுப்பக்கூடிய நெருங்கிய உறவினர் சிலர். “அப்பாவின் வைத்தியத்துக்கு ஐந்து இலட்சம் வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால் இரு சாராருமே தயங்குவார்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் “உங்களுக்கு என்ன செலவு?” என்று கேட்பது இயல்பே. ஆகவே எவற்றைக் கைக்காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டும்: வைத்தியசாலையில் இல்லாமல் வெளி மருந்தகத்தில் வாங்கும் குளிசைகள், பம்பர்ஸ், சிறுநீர்ப் பை, கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் கூலி, தனியார் நிலையத்தில் எடுக்கச் சொல்லும் ஸ்கான். அப்பா பெரும்பாலும் படுக்கையிலேயே இருப்பவரானால் காற்று மெத்தைக்கு முன்னிடம் கொடுங்கள். மெத்தை இருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது அவரைப் புரட்டிவிட வேண்டும். படுக்கைப்புண் வந்துவிட்டால் அதை ஆற்றுவதற்காகும் செலவோடு ஒப்பிடுகையில் மெத்தையின் விலை மிகச் சிறியது. இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு உறவினரிடம் ஒப்படைத்துவிடலாம். எங்கள் வீட்டில் பம்பர்ஸ் சுவிஸில் உள்ள சித்தியின் பொறுப்பு, ஓட்டோக் கூலி கொழும்பில் வேலை செய்யும் தம்பியின் பொறுப்பு. “காசு அனுப்புங்கள்” என்று மாதந்தோறும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டிய நிலை இதனால் பெருமளவு நீங்கியது.

அரச உதவிகளுக்குக் காலம் எடுக்கும் என்றாலும் இன்றே தொடங்குங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடனும் மருத்துவச் சான்றுகளுடனும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாதாந்தக் கொடுப்பனவு, உபகரண உதவி, வீட்டு உதவி ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். கேட்காதவற்றை அங்கு எவரும் நினைவூட்ட மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க முன்னர் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு உரியது. நுண்கடன் நிறுவனங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். வருமானம் தராத செலவுக்கு வாரத் தவணையில் கடன் எடுத்தவர்கள் அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுத்த கதை எங்கள் ஒழுங்கைகளில் ஏராளம். சீட்டுப் போடுகிறவர்களாயின், முன்கூட்டியே எடுத்துக்கொள்ள மற்றவர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்பது எவ்வளவோ மேல்.

இனி வீடு. நமது வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வளவின் பின்பக்கம் தனியாக, குந்தியிருக்கும் கோப்பையுடன் இருக்கும். பணம் எவ்வளவு குறைவாகச் சேர்ந்தாலும் முதலில் அதையே மாற்றுங்கள்: கொமட், பிடித்தெழும்பக் குழாய்க் கைபிடி, வெளிப்புறமாகத் திறக்கும் அகலமான கதவு, வீட்டிலிருந்து அதுவரை சீமெந்துப் பாதை. புதுக்குடியிருப்பு மணலில் சில்லு நாற்காலியின் முன்சில்லு புதைந்துவிடும். அந்தப் பாதையை ஆடம்பரம் என்று எவராவது சொன்னால் ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு எந்தக் கை இயங்குகிறதோ அந்தப் பக்கத்துச் சுவரிலேயே கைபிடி வர வேண்டும்.

சில்லு நாற்காலி வீட்டுக்குள் ஏறி இறங்குவதற்கான சாய்தளத்தைக் கட்டும்போது மேசன்மாருடன் வாக்குவாதம் வரும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அத்திவாரம் இரண்டடி உயர்ந்திருந்தால் இருபத்துநான்கு அடி வேண்டும். இடமும் சீமெந்தும் வீண் என்று எட்டடியில் முடிக்கப் பார்ப்பார்கள். அப்படிக் கட்டிய சாய்தளத்தில் உங்கள் அம்மா தனியாக அவரைத் தள்ளி ஏற்ற முடியாது. இறக்கும்போது நாற்காலி கையை மீறிப் போய்விடும். நீளத்துக்கு முற்றம் போதாவிட்டால் நடுவே ஐந்தடித் தளமொன்று வைத்துத் திருப்பிக் கட்டலாம். பூச்சு காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். வழுவழுப்பாகப் பூசினால் மாரியில் வழுக்கும்.

இந்த வேலைகளுக்கு மேசனிடம் கல், சீமெந்து, மணல், கூலி என வகை பிரித்து எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பின்னரே ஊர்ச் சங்கத்திடமோ அப்பா படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திடமோ கேளுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், வளவின் படங்கள் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். கோஃபண்ட்மி போன்ற நன்கொடை திரட்டும் இணையத்தளத்தில் இலங்கையிலிருந்து நேரடியாகத் திரட்ட முடியாது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள உறவினர் ஒருவர் தமது பெயரில் தொடங்கி, அப்பாவுக்குத் தாம் என்ன முறை, பணம் எப்படி அவரைச் சேரும் என்பதை அதிலேயே எழுத வேண்டும். பணம் வங்கி வழியாகவே வரட்டும். வங்கியில்லாமல் ஆள்மூலம் பணம் மாற்றும் உண்டியலில் ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும், பின்னர் ஒருவர் கணக்குக் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

அப்பாவின் படத்தைப் போடுவதானால் முதலில் அவரிடமே கேளுங்கள். பேச்சுக் குழறினாலும் சம்மதமா இல்லையா என்பதைத் தெரிவிக்க அவரால் முடியும். எனது அம்மா தன் படம் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொன்னதால், உடைந்த வாசற்படியின் படத்தையும் மதிப்பீட்டையும் மட்டுமே அனுப்பினோம். பணம் அதற்கும் வந்தது. வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து, பணம் தந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மிச்சம் ஏதும் இருந்தால் அதையும் சொல்லி, நாற்காலியின் டயர், ரியூப் மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கிரவல் வீதியில் அவை நெடுநாள் தாங்குவதில்லை.