மேக்ரோபயாடிக் உணவு: கடல்பாசி இருந்தால் பால் வேண்டாமா?

கேள்வி: வயது 46. சர்க்கரைக்கு மூன்று ஆண்டாக மெட்ஃபார்மின் போடுகிறேன். மேக்ரோபயாடிக் உணவுக்கு மாறினால் சர்க்கரை இறங்கும் என்கிறார் தோழி. மாறலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: சர்க்கரை இறங்கலாம். ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா (1893–1966) வகுத்த முறை இது. தட்டில் பாதி தவிடு நீக்காத தானியம், கால் பங்குக்குச் சற்று மேல் காய்கறி, மீதியில் பருப்பு, கடல்பாசி, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் மிசோ விழுதில் சூப். பால், முட்டை, இறைச்சி, சர்க்கரை கிடையாது. மீன் எப்போதாவது. தக்காளி, உருளை, கத்தரிக்காய்க்கும் தடை உண்டு. அது உணவுகளை எதிரெதிர் குணங்களாகப் பிரிக்கும் சீன யின்-யாங் கணக்கு, சத்துக் கணக்கு அல்ல. ரசத்துத் தக்காளியை நீங்கள் விட வேண்டாம்.

இத்தாலியில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் 21 நாள் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சர்க்கரை நோய் உணவைவிட இதில் சர்க்கரை நன்றாகக் குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். 21 நாளில் எந்தச் சத்துக்குறைவும் வெளியே தெரியாது. உங்களுக்கு ‘பாதித் தட்டு தானியம்’ அதிகம். கைக்குத்தல் அரிசியானாலும் ஒரு கப் சோற்றில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தானியத்தைக் கால் தட்டாக்கி, பருப்பையும் காயையும் கூட்டுங்கள். கிளிமிபிரைடு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரக்கூடும். அவர்கள் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் கவலை வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் நாள்பட அதன் உறிஞ்சலைக் குறைக்கும். பாலையும் நிறுத்தினால் வரவும் ஏறக்குறைய நின்றுபோகும். கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ஹீமோகுளோபின் சரியாகவே காட்டும், நரம்பு மட்டும் பழுதாகிக்கொண்டிருக்கும். கால் மரத்துப்போனால் ‘சர்க்கரையால்தான்’ என்று விட்டுவிடுவோம். தொடங்கும் முன்பும் பிறகு ஆண்டுதோறும் பி12 அளவைப் பாருங்கள். தினம் அரை லிட்டர் பாலோ தயிரோ இருந்தால் சுமார் 2 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு நாள் தேவை ஏறக்குறைய அவ்வளவே. ‘சுத்த’ மேக்ரோபயாடிக் அல்ல என்று தோழி சொன்னால் சொல்லட்டும்.

கேள்வி: நோரி பாசியில் பி12 இருக்கிறதே, அது போதாதா? (வாசகர், கோவை)

பதில்: இருக்கிறது, ஆனால் அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும், நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி பி12. 1980-களில் நெதர்லாந்தில் மேக்ரோபயாடிக் உணவில் வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது பி12 குறைவும், எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸும், வளர்ச்சிக் குறைவும் தென்பட்டன. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம்.

கோம்பு பாசியில் அயோடின் மிகுதி. நமக்குத் தினம் 150 மைக்ரோகிராம் போதும்; காய்ந்த கோம்பு ஒரு கிராமிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கக்கூடும். தைராய்டு உள்ளவர்கள் தொட வேண்டாம். ஹிஜிகி என்ற பாசியில் ஆர்சனிக் நச்சு உண்டு; பிரிட்டன் உணவுத் துறை அதைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. மிசோ ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2 கிராம் உப்பு. இரண்டு கிண்ணம் சூப் குடித்தால் நாளின் 5 கிராம் வரம்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கேள்வி: புற்றுநோய் குணமாகுமா? (வாசகி, மதுரை)

பதில்: இல்லை, அப்படி நிரூபணம் எதுவும் கிடையாது. சிகிச்சையின்போது எடை குறையாமல் பார்ப்பதே பெரும்பாடு; இந்த உணவு எடையைக் குறைக்கும்.

கேள்வி: கைக்குத்தல் அரிசி விறைத்தே நிற்கிறது, சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தவிட்டுப் படலம் தண்ணீரை உள்ளே விடாது. எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம் வையுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். உப்புசம் நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டியதால் வருவது. முதல் வாரம் கால் பங்கு மட்டும் வெள்ளைச் சோற்றோடு கலந்து, வாராவாரம் கூட்டுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை சீக்கிரம் வரும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.