1863-ஆம் ஆண்டுச் செம்பு வில்லையில் ‘ஒன் சென்ட்’ என்பதற்கு மேல் ‘நாட்’ (‘அல்ல’) என்று ஏன் பொடியாக இருக்கிறது? இது கள்ளக்காசா?

கள்ளக்காசு அல்ல, அரசு நாணயமும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சில்லறைக்குப் பதிலாகப் புழங்கத் தனியார் அடித்த டோக்கன். அந்தப் பொடி ‘நாட்’டில்தான் சூட்சுமம்: பார்வைக்கு சென்ட், வழக்கு என்று வந்தால் ‘சென்ட் அல்ல என்றுதானே பொறித்திருக்கிறோம்’ எனலாம்.

1861 டிசம்பர் கடைசியில் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. தங்கம், வெள்ளி என்று பதுங்கி, 1862-இல் செம்பு-நிக்கல் சென்ட்டும் கண்ணில் படாமல் போனது. தபால்தலையைச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள்; பசை ஒட்டிக்கொண்டு பாழானது. பிறகுதான் நியூயார்க், சின்சினாட்டி அச்சு வெட்டுபவர்கள் சென்ட்டின் அதே 19 மி.மீ. அளவில் டோக்கன் அடித்தார்கள். கடைக்காரர் அதை ஒரு சென்ட்டுக்கும் குறைவாக வாங்கி, ஒரு சென்ட்டாகக் கொடுத்தார்.

உண்மையில் அது கடைக்காரரின் கடன் சீட்டு. திருப்பி வாங்க மறுத்தால் கேட்க நாதியில்லை. நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் 10 லட்சத்துக்கு மேல் வெளியிட்டார். பயணிகளிடம் அவற்றை வாங்கிக் குவித்த தெரு ரயில் நிறுவனம் கொண்டுபோய் நீட்டியபோது கைவிரித்துவிட்டார். 1864 ஏப்ரல் 22 சட்டம் தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தடுத்தது. அதே சட்டம்தான் 72 கிரெய்ன் (ஒரு பழைய எடை அலகு) எடையிருந்த சென்ட்டை 48 கிரெய்ன் வெண்கலமாக்கியது. மெல்லிய செம்பை மக்கள் ஏற்பார்கள் என்பதை டோக்கன்கள் ஏற்கெனவே காட்டியிருந்தன. ஜூன் 8 சட்டம் தடையை எல்லாத் தனியார் காசுகளுக்கும் விரித்தது.

அடையாளம் காண இரண்டு பக்கமும் வேண்டும். கடைப்பெயர் இருந்தால் வணிகர் வகை. கொடி, முழக்கம் மட்டும் என்றால் தேசபக்தி வகை. ஒரே அச்சைப் பல கடைகளுக்கு மாற்றி மாற்றி ஜோடி சேர்த்திருக்கிறார்கள், அதனால் ஒரு பக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஃபுல்ட் டோக்கன் பட்டியலில் ஒவ்வொரு அச்சுக்கும் எண் உண்டு. கூடவே உலோகத்துக்கு ஓர் எழுத்து, செம்புக்கு ‘ஏ’, பித்தளைக்கு ‘பி’. எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதைச் சொல்லும் அரிதளவு ‘ஆர்-1’ (5,000-க்கு மேல்) முதல் ‘ஆர்-10’ (ஒன்றே ஒன்று) வரை. வெள்ளியில் இருந்தால் புழக்கத்துக்கு அடித்ததல்ல, அன்றைய சேகரிப்பாளருக்காக அடித்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தயவுசெய்து பாலிஷ், எலுமிச்சை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பழுப்புப் படலம் போனால் மதிப்பும் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல், சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், செம்பில் பச்சைப் பிசின் படியும்.

பரப்பில் காற்றுக்குமிழிக் குழிகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரிந்தால் வார்ப்புப் போலி. எழுத்துப்பிழையை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்: அமெரிக்கக் கொடியை இறக்க முயல்பவரைக் ‘கண்ட இடத்திலேயே சுடு’ என்ற ஜெனரல் டிக்ஸின் உத்தரவைத் தாங்கிய அசல் டோக்கன்களிலேயே ‘ஸ்பாட்’ என்பது ‘ஸ்பூட்’ என்று விழுந்த அச்சு உண்டு.