சாயம் ஏற்றாமல் செல்லை அளக்க முடியுமா?

கேள்வி: கடன் அட்டையில் மின்னும் ஒட்டுவில்லையைத்தான் ஹோலோகிராம் என்று எண்ணியிருந்தேன். உயிருள்ள செல்களை ஆராயவும் டிஜிட்டல் ஹோலோகிராஃபி பயன்படுகிறது என்று அண்மையில் படித்தேன். சாதாரண நுண்ணோக்கி காட்டாத எதனை அது காட்டுகிறது?

பதில்: உயிருள்ள செல்லின் பெரும்பகுதி நீர்தான், ஒளியை அது உறிஞ்சுவது மிகக் குறைவு. பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலின் மீது அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தது இதனால்தான். ஆனால் சாயங்கள் பலவும் செல்லைக் கொன்றுவிடும், அல்லது அதன் இயல்பை மாற்றிவிடும்.

செல் ஒளியின் பொலிவைக் குறைக்காவிட்டாலும், அதனைத் தாமதப்படுத்துகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதன் அளவே ஒளிவிலகல் எண். இரத்தத்தின் ஒரு சிவப்பணுவுக்கு அது ஏறத்தாழ 1.40 என்றும், சுற்றியுள்ள திரவத்தினுடையது 1.34 என்றும், சிவப்பணுவின் தடிமன் 2 மைக்ரோமீட்டர் என்றும் கொண்டால், அதனூடே வந்த ஒளி 120 நானோமீட்டர் பின்தங்கியிருக்கும். 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசருக்கு இது ஓர் அலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கண்ணோ கேமராவோ இந்தத் தாமதத்தை நேரடியாக உணராது. அவை அறிவது பொலிவை மட்டுமே.

எனவே லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் செல்லின் வழியாகவும் மற்றொன்றை வெறும் பாதையிலும் அனுப்பி, இரண்டையும் கேமராவின் உணரியில் மீண்டும் சேர்க்கிறார்கள். இரண்டு ஒளியலைகள் சேரும்போது சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மங்கியும் போகும் குறுக்கீட்டு விளைவால் அங்கே வரிவரியான பட்டைகள் தோன்றுகின்றன. செல் ஒளியைத் தாமதப்படுத்திய இடங்களில் அவை வளைகின்றன. பதிவான அந்தப் பட்டைகளே ஹோலோகிராம். அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்பட்ட தாமதத்தைக் கணினி கணக்கிட்டு எடுக்கிறது. படம் எடுத்த பிறகும் வேறோர் ஆழத்திற்குக் குவியத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது, நீந்தும் விந்தணுவைப் போல இடம்விட்டு இடம் நகரும் செல்களை ஆராய்வோருக்குப் பெரும் வரம்.

ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் கேபார் 1947-இல் இங்கிலாந்தில் இக்கருத்தை உருவாக்கியது, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பிழைகளைத் திருத்துவதற்காக. லேசர் பிறந்தது 1960-இல். கேபாருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1971-இல். ஒளித்தகடு இல்லாமல் ஹோலோகிராமை நேரடியாக சிசிடி எனும் மின்னணு உணரி கொண்ட கேமராவில் பதிவுசெய்யும் முறையை 1994-இல் ஜெர்மனியின் ஷ்னார்ஸும் யூப்ட்னரும் காட்டினர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர்கள் அதனை உயிருள்ள நரம்பணுக்களுக்குக் கொண்டுசென்றனர்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இங்கே அளக்கப்படும் தாமதம், தடிமனும் ஒளிவிலகல் எண் வேறுபாடும் பெருகி வரும் ஒற்றை எண். தாமதம் கூடினால், செல் பருத்ததாலா, உள்ளே புரதம் செறிந்ததாலா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. ஒளிவிலகல் எண் வேறுபட்ட இரண்டு திரவங்களில் அதே செல்லை அடுத்தடுத்து அளந்து இவற்றைப் பிரித்தறியும் வழியையும் லொசான் குழுவே காட்டியது. எளிமையான அந்த உத்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது.

கேள்வி: அப்படியானால் இனிச் சாயங்களே தேவைப்படாதா?

பதில்: தேவைப்படும். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது அந்தச் சிவப்பணுவின் ஒளிவிலகல் எண் குறைவதை இம்முறையில் அளக்க முடிகிறது. ஆனால் செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதனோடு பிணையும் ஒளிரும் சாயம்தான் விடை தர முடியும். ஆகவே ஒரே நுண்ணோக்கியில் இரண்டு முறைகளையும் இணைத்து, சாயம் இடத்தைக் காட்ட, ஹோலோகிராம் அளவைத் தருமாறு அமைக்கிறார்கள்.